களிக்குப் பல் எதற்கு?

ஓசூர்ப் பக்கத்து எங்கள் ஊர் தளியில் ராகிக் களியைக் கடித்துத் தின்கிறவனைப் பார்த்தால் அசலூர்க்காரன் என்று தெரிந்துவிடும். உருண்டையைக் கிள்ளி, அவரைக்கொட்டைச் சாற்றில் புரட்டி, விழுங்க வேண்டியதுதான். அதனால் தாத்தாவுக்குப் பல்லெல்லாம் விழுந்தபோது யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. வெற்றிலையை மட்டும் சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார்.

பல் இருந்த காலத்தில் அவருக்குப் புங்கங்குச்சி. வசதியான வீடுகளில் கர்நாடக எல்லை தாண்டி வந்த இளஞ்சிவப்பு நஞ்சன்கூடு பல்பொடி, 1913இல் பி.வி. பண்டிட் தொடங்கிய வைத்தியசாலையின் சரக்கு.

அப்பா ஓசூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பொக்கைவாய் தன்னோடு சேராது என்று நம்பியவர். பீடியும் சர்க்கரையும் சேர்த்துவைத்தன. முதலில் சாதாரணப் பல்செட் கட்டினார். கீழ்ச்செட் பேச்சுக்குப் பேச்சு நழுவியது. கல்யாண வீடுகளில் அது சட்டைப்பையில்தான் சாப்பிட்டது. பிறகு கீழ்த்தாடை எலும்பில் 'இம்ப்ளான்ட்' எனும் இரண்டு டைட்டானியம் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் பல்செட்டை 'டக்'கென்று மாட்டிக்கொண்டார். அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்று அம்மா இன்றும் கணக்குச் சொல்கிறார்.

திருகில் குறையில்லை. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனெமார்க் 1952இல் முயலின் கால் எலும்பில் டைட்டானியம் பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொள்வதைக் கண்டார். 1965இல் மனிதத் தாடையில் பதித்தார். கீழ்ப்பல் முழுக்க இழந்தவருக்கு இரண்டு இம்ப்ளான்ட் மேல் நிற்கும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் சொன்னார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸுக்கு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான பரப்பு வேண்டும். பல் முழுக்கப் போனால் அதுவும் ஏறக்குறைய மறைந்துவிடும். பல்செட் மாட்டியதும் திரும்பி வரும். ஈறுநோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் காற்றுப் புகாத இடுக்கைத் தேடும். இம்ப்ளான்டைச் சுற்றிய ஈறில் அது கிடைக்கும். தாத்தாவின் வாயைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரர்களுக்கு, அப்பா காசு கொடுத்து வீடு கட்டித் தந்திருக்கிறார்.

"டைட்டானியம்டா, துருவே பிடிக்காது" என்பார். துரு பிடிக்காது, சொத்தையும் ஆகாது. கிருமி சேர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் எலும்புதான் கரையும். பெரும்பாலும் வலியில்லாமல் கரையும் என்பதுதான் வம்பு. தேய்க்கும்போது ரத்தம், ஈறில் வீக்கம், சீழ் என்றுதான் தெரியவரும். பீடி பிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் ஆபத்து அதிகம். ஃபேக்டரியில் சார்ட் போட்டு ஒவ்வொரு மெஷினுக்கும் கிரீஸ் வைத்த மனிதர், தன் வாய்க்கு சர்வீஸ் தேவையென்று ஒத்துக்கொள்ளவில்லை. செட்டோடு சாப்பிட்டார், செட்டோடு தூங்கினார்.

தூங்குவதுதான் பெரிய தப்பு. பல்செட்டின் அக்ரிலிக்கில் கேண்டிடா என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் படலமாகப் படியும். தூக்கத்தில் அவை கலந்த எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைக் கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

பல்லில்லாத தாத்தாவுக்கு வாய்கொப்பளித்ததோடு கடமை முடிந்தது. பல் வாங்கிய அப்பாவுக்கோ தினசரி வேலை: செட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷில் சோப்புப் போட்டுத் தேய்ப்பது. பேஸ்ட் கூடாது, அது அக்ரிலிக்கைக் கீறும். கீறலில் கிருமி குடியேறும். இரவில் தண்ணீரில் போட்டுவைப்பது. ஈறுக்கு மேலே தெரியும் உலோக முனைகளைச் சுற்றித் துலக்குவது. சொன்ன தேதியில் டாக்டரிடம் காட்டுவது.

கை நடுங்கும் வயதில் இதையெல்லாம் அவர் ஒருவரால் செய்ய முடியாது. வீட்டில் ஒருவர் கைகொடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் பல்செட் போட்ட பெரியவர் இருந்தால், இன்றிரவு படுக்கும் முன் அதைக் கழற்றி வாங்கி, நீங்களே தேய்த்து வையுங்கள்.