டிக்கெட் எடுக்கும் ஒரே ஆள்

எங்கள் வீட்டில் ஆறு பேர். ஆறு பேரும் சேர்ந்து டவுன் பஸ் ஏறித் திண்டிவனம் போனால், காசு கொடுத்து டிக்கெட் எடுப்பவன் நான் ஒருவன்தான். அம்மா, மனைவி, இரண்டு மகள்கள் என நால்வருக்கும் கட்டணமில்லா டிக்கெட். கடைக்குட்டிப் பையனுக்கு நாலு வயது. முன்பெல்லாம் மூன்று வயது முடிந்தால் அரை டிக்கெட் கேட்பார்கள்; 2022-இல் அதை ஐந்தாக உயர்த்திவிட்டார்கள், அவனும் தப்பித்தான். கண்டக்டர் மிஷினைத் தட்டி நாலு சீட்டைக் கிழித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

"சார் தனியா?"

"இல்ல, இவங்களோடதான்."

"அப்ப ஒண்ணு" என்பார், ஏதோ பரிதாபப்பட்டவர் மாதிரி.

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் நான். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வாங்கும் குடும்பத் தலைவி என் மனைவி. பஸ்ஸில் சில்லறை கேட்கும்போது மட்டும் எல்லாரும் தலைவரைத் தேடுகிறார்கள்.

இந்த நிலைமை வந்து சேர்ந்த விதமே வேடிக்கை. 2021 மே 7-ஆம் தேதி ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற கையோடு போட்ட கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது. மறுநாள் சனிக்கிழமையே அமலுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை கொரோனாவுக்காக முழு ஊரடங்கு, பஸ்ஸே கிடையாது. நடுவில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் என் அம்மா முகக்கவசத்தை மோவாயில் மாட்டிக்கொண்டு திண்டிவனம் போனாள். போன சுருக்கில் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியும் வந்துவிட்டாள். என்ன வாங்கினே என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாங்கல. நெஜமாவே காசு கேக்கலையான்னு பாத்துட்டு வந்தேன்."

ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் ஜூலையில் பெண்களுக்கென்று தனி டிக்கெட்டே அச்சடித்துக் கொடுத்தார்கள். சும்மா ஏறி இறங்குவதில் அம்மாவுக்கு அதுவரை ஒரு கூச்சம் இருந்தது. டிக்கெட் கைக்கு வந்ததும் கூச்சம் போய் அதிகாரம் வந்துவிட்டது. சுருட்டிச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்வாள். இறங்கும்போது செக்கிங் இன்ஸ்பெக்டர் நின்றால் அவர் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுவாள். சட்டைப் பை, பேன்ட் பை, மறுபடியும் சட்டைப் பை என்று தடவிக்கொண்டு நிற்பவன் நான்.

இதற்கெல்லாம் ஆகும் பணத்தை அரசாங்கம் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். பிறகு மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கணக்குச் சொன்னது. எங்கள் வீட்டு 888-ஐ நானும் தேடிப் பார்த்தேன். கொஞ்சம் மளிகைக்கும் மீதி ஏலச் சீட்டுக்கும் போயிருந்தது. என் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை.

இலவசம் என்பது சாதாரணக் கட்டண வெள்ளை போர்டு பஸ்ஸுக்கு மட்டும். சிக்கல் அங்கேதான். விழுப்புரம் போக, எங்கள் பக்கத்துக் கூட்டேரிப்பட்டு மெயின் ரோட்டில் நின்று கை காட்டினால், திருச்சியோ பண்ருட்டியோ போகிற ஏதாவது ஒரு பஸ் நிற்கும். ஏறி உட்கார்ந்து இரண்டு கொட்டாவி விடுவதற்குள் விழுப்புரம் வந்துவிடும். இப்படித்தான் நான் வருஷக்கணக்காகப் போய்வந்தேன். குடும்பத்தோடு என்றால் அது நடக்காது. "அது காசு வண்டி" என்று அம்மா கையைத் தட்டிவிடுவாள். பெரிய பஸ் நின்று, கிளீனாக நாலு சீட் காலியாக இருந்து, கண்டக்டர் எட்டிப் பார்த்து "விழுப்புரம், விழுப்புரம்" என்று கூப்பிட்டும் நாங்கள் அசையாமல் நிற்போம். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் ஊதுவார்.

பிறகு விக்கிரவாண்டி வரை ஒரு வெள்ளை போர்டு. அங்கே இறங்கி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரத்துக்கு இன்னொரு வெள்ளை போர்டு. நடுவில் விக்கிரவாண்டியில் காத்திருப்பு. காத்திருக்கும் இடத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் கேட்கும். பிள்ளைகளுக்கு வாங்கினால் பெரியவர்களுக்கு வாங்காமல் இருக்க முடியாது. டீ சொல்லாமல் பஜ்ஜி மட்டும் வாங்கினால் கடைக்காரர் முகம் மாறும். இப்படியாக, எக்ஸ்பிரஸ்ஸில் போயிருந்தால் ஆகியிருக்கும் டிக்கெட் காசைவிட ஒன்றரை மடங்கு எண்ணெயில் போகும். இதை அம்மாவிடம் ஒரு முறை கணக்குப் போட்டுக் காட்டினேன். "அது தின்ன காசு. இது பஸ் காசு. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். இந்தக் கேள்விக்கு நிதித் துறையில் யாரிடமாவது பதில் இருக்கலாம்.

எங்கள் பக்கத்துப் பெரிசுகள் அரசு பஸ்ஸை இன்னும் "பெரியார் பஸ்" என்றுதான் சொல்வார்கள். 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய கழகத்துக்குத் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பெயர். அப்போதெல்லாம் மயிலம் முருகனுக்குக் காவடி எடுத்தவர்களும், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கக் கிளம்பியவர்களும் கடவுள் மறுப்பாளர் பெயர் எழுதிய பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டு போனார்கள். சாமிக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. என் தாத்தா பழனிக்கு மாலை போட்டிருந்தபோது, மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் வந்த பஸ்ஸைப் பார்த்து, "பெரியாரு வந்துட்டாருடா, முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாராம். 1997-இல் தலைவர்கள் பெயர்களையெல்லாம் கழகங்களிலிருந்து எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயராக ஆக்கினார்கள். தாத்தா அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

பெயர் போனால் போகட்டும். நைட் ஹால்ட் போனதுதான் ஊரை உலுக்கியது. ராத்திரி ஒன்பதரைக்கு வரும் கடைசி பஸ் எங்கள் ஊரிலேயே தங்கும். டிரைவரும் கண்டக்டரும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் படுப்பார்கள். எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். விடிகாலை ஐந்தரைக்கு டிரைவர் ஹாரனை நீட்டி ஒரு அழுத்து அழுத்துவார். அதைக் கேட்டுத்தான் பால் கறப்பார்கள், பூக்கூடையைக் கட்டுவார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை எழுப்புவார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்ற அந்த பஸ் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் ஊரே தாமதமாக எழுந்தது. என் மனைவி மட்டும், பழக்க தோஷத்தில் சரியாக ஐந்தரைக்கு எழுந்து என்னையும் எழுப்பினாள்.

அந்த இடத்தை மஞ்சள் வண்டிகள் பிடித்துக்கொண்டன. திண்டிவனத்துத் தனியார் பள்ளிகளின் பஸ்கள் ஏழு மணிக்கெல்லாம் எங்கள் ஆலமரத்தடிக்கு வந்துவிடுகின்றன. 2012-இல் சென்னைப் பக்கம் ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் ஓட்டையில் விழுந்து இறந்த பிறகு, பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர் எல்லாம் கட்டாயம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிச் சோதிக்கிறார்கள். வேண்டிய ஏற்பாடுதான். ஒரு குறை, நிறம். 2023 ஆகஸ்டில் பழைய அரசு பஸ்களுக்குப் புதுக் கூண்டு கட்டி, அவற்றுக்கும் மஞ்சள் அடித்து விட்டார்கள். எதிர்வீட்டு ஆயாவுக்குக் கண் புரை. மஞ்சளாக எது வந்தாலும் கையைக் காட்டும். பள்ளி பஸ் டிரைவர் ஒரு நாள் நிறுத்தி, "ஆயா, இது இஸ்கூல் வண்டி" என்றார். "இருக்கட்டும்பா, நான் ஓரமா உக்காந்துக்கறேன்" என்று ஆயா படியில் கால் வைத்துவிட்டது. யூ.கே.ஜி. பிள்ளைகள் கைதட்டின. இறக்குவதற்குள் உதவியாளருக்கு வேர்த்துவிட்டது.

அரசுப் பள்ளிப் பையன்களுக்கு யூனிபார்மே பாஸ். ஆண்டுத் தொடக்கத்தில் புது பஸ் பாஸ் வந்து சேரும்வரை, சீருடையைப் பார்த்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி வருஷா வருஷம் உத்தரவு வரும். பக்கத்து வீட்டுப் பையன் அந்த உத்தரவை நன்றாகப் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை யூனிபார்ம் போட்டுக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பினான்.

"இன்னாடா, ஞாயித்துக்கெழம எந்த வாத்தியாரு வராரு?"

"ஸ்பெஷல் கிளாஸ் சார்."

"எந்தப் பாடம்?"

பையன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "தமிழ் சார்" என்றான். கண்டக்டர் விட்டுவிட்டார். தமிழுக்கு இன்னும் அந்த அளவு மரியாதை இருக்கிறது.

மினி பஸ்ஸையும் பார்த்துவிட்டோம். 1997-இல் வந்த திட்டம்தான்; பஸ் போகாத சந்துக்கெல்லாம் தனியார் சின்ன வண்டி. 2025-இல் அதையே விரிவாக்கி, ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம் என்றார்கள். எங்கள் பக்கமும் ஒன்று வந்து நின்றது. பளபளவென்று கண்ணாடி, உள்ளே இளையராஜா. ஆனால் அதில் பெண்களுக்கும் டிக்கெட் இருந்தது. முதல் நாள் அம்மா படியில் நின்றபடியே விசாரித்தாள். காசு என்றதும், "பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி இறங்கிவிட்டாள். பின்னாலேயே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். நானும் இன்னும் நாலைந்து ஆண்களும் ராஜ மரியாதையோடு போனோம். அந்த மரியாதைக்கு ஆயுள் குறைவு. டீசல் காசுக்கே கட்டவில்லை என்று முதலாளி சில வாரங்களில் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

கடைசியில், காலை பஸ் கேட்டு மனு கொடுப்பது என்று முடிவானது. அதுவரை எங்கள் ஊரில் மனு என்றால் ஆண்கள் எழுதி, ஆண்கள் கையெழுத்துப் போட்டு, ஆண்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவது. முன்பு அப்படி ஒன்று கொடுத்து, வழித்தடத்தில் வசூல் குறைவு என்று பதிலும் வாங்கிவைத்திருந்தோம். அந்தக் கடிதத்தை ஆலமரத்தடியில் நான் உரக்கப் படித்தேன். வசூல் என்றால் யார் என்று எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"இந்தத் தடவ நாங்க போறோம்" என்றாள் அம்மா. "பஸ்ஸுல போறது நாங்க. நீங்க பைக்ல போவீங்க, மழை வந்தா பஸ்ஸ தேடுவீங்க."

மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கூட்டத்துக்கே பைக்கில்தான் வந்திருந்தார்கள், தெருமுனையிலிருந்து.

எழுதும் வேலை மட்டும் எனக்கு. நேரம் என்ன போடுவது என்பதில் கூட்டம் இரண்டாக உடைந்தது. பூக்காரர்களுக்கு ஐந்தரை வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எட்டு. நூறு நாள் வேலைக்காரர்கள் இரண்டும் வேண்டாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு, ஓ.பி. சீட்டு முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். கடைசியில் எனக்குத் தெரிந்த நிர்வாகத் தமிழில், "காலை வேளையில் பொதுமக்கள் மற்றும் மாணவ மாணவியர் நலன் கருதி" என்று எழுதினேன். அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இதுல மணி எங்க?" என்றாள். அடித்துவிட்டு எட்டு பத்து என்று எழுதினேன்.

திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குக் குறைதீர் கூட்டத்துக்கு முப்பது பெண்கள் போனார்கள். காலையில் பஸ் இல்லாத ஊர் என்பதால் டாடா ஏஸ் பிடிக்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்று, பதிவு எண் வாங்கி, உள்ளே போய்க் கொடுத்தார்கள். வசூல் பேச்சை அங்கே யாரோ எடுத்தபோது, சுருக்குப் பையில் சேர்த்துவைத்திருந்த டிக்கெட் கற்றையை அம்மா மேஜையில் வைத்து, "இத்தினிக்கும் கவருமெண்டு காசு குடுக்குதில்ல? எண்ணிப் பாருங்க" என்று சொன்னாளாம். இதை அம்மாவே சொன்னாள் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பஸ் வந்தது. எட்டு பத்துக்கு அல்ல, ஏழு ஐம்பதுக்கு. நேரத்தை மாற்ற இன்னொரு மனு எழுதலாம் என்று நான் பேனாவை எடுத்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று பெண்கள் நேராக டிரைவரிடம் பேசி முடித்துக்கொண்டார்கள். வண்டி ஏழு ஐம்பதுக்கு வந்து நிற்கும். டிரைவருக்கு டம்ளரில் டீ போகும். கண்டக்டர் படியில் நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். டிக்கெட் எடுக்க வேண்டிய நான் ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்று பொறுக்க முடியாமல், "கெளம்பலாமே சார்" என்றேன். கண்டக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வீட்டுத் திண்ணையிலிருந்து குரல் வந்தது:

"தம்பி, ரைட் குடுத்துடாத! ஒரு பக்கந்தான் ரிப்பன் கட்டியிருக்கேன்!"