பனந்தும்பு: அன்றும் இன்றும்

அப்போதெல்லாம் மண்டபம் கரையில் மரப்படகான வல்லத்தை ஏற்றிவிட்டால் கலப்பற்று வேலை தொடங்கிவிடும். பலகை இடுக்குகளில் பஞ்சையும் தேங்காய் நாரையும் உளி வைத்துத் தட்டி இறக்குவார்கள். குங்கிலியத்தைப் பொடித்து, எண்ணெயில் காய்ச்சி, சூட்டோடு மேலே பூசுவார்கள். அந்த வாசம் தெருக்கோடி வரை வரும். வீட்டுச் சுவருக்கும் இதே அறிவுதான்: வைக்கோல் போட்டு மிதித்த மண் வெயிலில் வெடிக்காது. இழை இழுவையைத் தாங்கும், பசை அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்று கல்லூரிகளில் 'காம்போசிட்' என்று நடத்தும் பாடத்துக்கு அடிப்படையும் இதுதான்.

அம்மாவின் ஊர் சாயல்குடிப் பக்கம். பனைதான் பிழைப்பு. மட்டையின் அடிப்பகுதியைப் பெண்கள் மரச்சுத்தியால் அடித்து நசுக்கி, ஆணிப் பலகையில் சீவித் தும்பு எடுப்பார்கள். அத்தையின் உள்ளங்கை காய்த்து மரத்துப்போயிருக்கும். அந்தத் தும்பு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறும். வெளிநாட்டில் பிரஷ் ஆகும். அடித்தவருக்குக் கிடைத்ததோ அன்றைய அரிசிக்கான காசு.

பிறகு கண்ணாடி இழையையும் ரெசின் பசையையும் சேர்த்து வார்த்த ஃபைபர் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகத் தமிழகக் கரை நெடுக வந்து இறங்கியது. அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. இலேசானது, மரம் துளைக்கும் புழு அண்டாது, வருஷா வருஷம் கலப்பற்றுச் செலவும் இல்லை. ஆனால் உடைந்துவிட்டால் விறகுக்கும் ஆகாது, மண்ணிலும் மக்காது. பழுது பார்க்கத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் அரிப்பு லேசில் அடங்காது. 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாகக் காக்கும் மன்னார் வளைகுடாவின் கரையில் இந்தக் கழிவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இந்த இழை வித்தையில் பெரும் பெயர் எடுத்தவரும் ராமேஸ்வரத்துக்காரரே. மரப்படகு கட்டிய தகப்பனின் மகன் அப்துல் கலாம், ராக்கெட்டுக்காக இழைப் பிளாஸ்டிக்கில் உழைத்தவர். பின்னாளில் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்களோடு சேர்ந்து, போலியோ பாதித்த பிள்ளைகள் இழுத்து நடந்த மூன்று கிலோவுக்கு மேற்பட்ட காலிப்பர் என்ற கால் தாங்கிக்குப் பதிலாக, 300 கிராம் எடையில் ஒன்றைக் கொண்டுவந்தார். அது தாவர இழை அல்ல. ஆனாலும் இழையும் பசையும் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் நடையே மாறும் என்று காட்டியது.

இப்போது ஆய்வகங்கள் தாவர நாரைத் தேடுகின்றன. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில், இயற்கையே நெய்து தரும் தென்னம் பன்னாடையைப் பாலியெஸ்டர் ரெசினில் பதித்துச் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மன் கார்களின் கதவு உட்பலகைகளில் சணல் வகை நார்கள் எப்போதோ ஏறிவிட்டன. எடை குறைவதும் ஒரு காரணம்: கண்ணாடி இழையின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.5 மடங்கு, தாவர நாருக்கு 1.5 மடங்கு அளவுதான்.

என் அண்ணன் மகன் இறுதியாண்டு புராஜெக்டுக்குப் பனந்தும்பை எடுத்துக்கொண்டான். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, உலர்த்தி, எபாக்சியில் வார்த்த பலகைத் துண்டைக் காட்டினான். தேன் நிற ரெசினுக்குள் பழுப்புத் தும்பு இழை இழையாகத் தெரிந்தது. தண்ணீரில் போட்டு வைத்த துண்டு வெட்டிய ஓரத்தில் உப்பியிருந்தது. நாருக்குத் தண்ணீர் மேல் ஆசை, ரெசினுக்கு அது ஆகாது, தொல்லை அங்கேதான். ஆகவே கடலில் மிதக்கும் படகுக்கு இதை நான் இன்று சொல்லமாட்டேன். கதவு, கூரை உட்பலகை, நாற்காலி ஆகியவற்றுக்குத் தாராளமாகச் சொல்வேன். எபாக்சி பெட்ரோலியத்தில் பிறந்தது என்பதால் இந்தப் பலகை முழுக்க மக்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. தாவரப் பசையும் கைகூட வேண்டும்.

தும்பு எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். வெளியூர்க் கடையில், ஆன்லைனில் என்றான். சாயல்குடியில் தும்பு அடிக்கும் ஒருவரைக்கூட அவனுக்குத் தெரியாது. எனக்கு மனசு கேட்கவில்லை.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் மரத்தை நம்பி அடுப்பு எரிந்தால்தான் மரமும் நிற்கும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பேராசிரியர்களே, மாணவர்களே, தும்பை அடிப்பவர் வீட்டு வாசலுக்கே வந்து வாங்குங்கள். கூலிக்குத் தக்க விலை கொடுங்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.