போக எட்டு, வர ஏழு

கே: லண்டனிலிருந்து நியூயார்க் பறக்க எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம்தான். பூமி சுற்றுவதால்தானே?
– வாசகர், கும்பகோணம்

ப: பூமி சுற்றும்போது காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் சுற்றுகிறது. ஓடும் பஸ்ஸுக்குள் பறக்கிற கொசு, பின்சீட்டில் போய் மோதுகிறதா என்ன?

தூரம் இரு பக்கமும் சுமார் 5,540 கிலோமீட்டர்தான். வித்தியாசம் செய்வது, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று. அந்தக் காற்று அப்படி வளைந்து ஓடுவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம் என்பதால் உங்களுக்குப் பாதி மார்க்! 2020 பிப்ரவரியில் புயல் பின்னாலிருந்து தள்ளியதில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. எதிர்த்திசையில் போகிற விமானி, அந்தக் காற்றோடு மல்லுக்கட்டாமல் ஒதுங்கிப் போகிற பாதையைத் தேடுவார். சுற்றுவழிதான், ஆனாலும் லாபம்.

கான்கார்டு என்ற அதிவேக விமானம் இருந்த காலத்தில் லண்டனில் காலை 10.30-க்கு ஏறியவர், அன்றே 9.30 மணி வாக்கில் நியூயார்க்கில் இறங்கினார்! இரண்டு ஊருக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். விமானம் எடுத்துக்கொண்டதோ நாலுக்கும் குறைவு. 2003-இல் அந்தச் சொகுசும் போயிற்று.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்த்து, 'மூன்றே மணி நேரம்தானா' என்று சாப்பிடாமல் ஏறிவிடாதீர்கள்.