நெளிகோடு அறியாத எழுத்துகள்

லண்டன் பதிப்பகங்களுக்கு அச்சுக்கோப்பு செய்துதரும் சென்னை நிறுவனம் ஒன்றில் நான் புரூஃப் பார்க்கச் சேர்ந்த காலத்தில், பழைய ஆங்கில நூல் வந்தால் இருவராக உட்காருவோம். மூத்தவர் மூலத்தை எழுத்தெழுத்தாக வாசிப்பார். நான் தாளில் விரல் வைத்துத் தொடர்வேன். 'அப்பான்' என்ற சொல் 'வி'யில் தொடங்கியிருந்தால் 'வி' என்றே உரக்கச் சொல்வார். 1600களின் தொடக்கத்தில் 'யு', 'வி' இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். சொல்லின் முதலில் 'வி', நடுவில் 'யு'. அது அச்சகத்தின் முறை, அலட்சியமல்ல என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

இன்று அந்த வேலை ஓர் ஆளும் ஒரு திரையும். 1995இல் வேர்ட் மென்பொருளில் வந்த, எழுத்துப்பிழை காட்டும் சிவப்பு நெளிகோடு, 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பான ஃபோலியோவை உள்ளபடி தட்டெழுதினால் பக்கம் முழுக்க ஓடுகிறது. சரியான சொல்லுக்கெல்லாம் கோடு விழுந்தால் கண் மரத்துப்போகும். அதன் நடுவே கிடக்கும் நிஜப் பிழையை யார் பார்ப்பது?

பழஞ்சொற்களை அகராதியில் ஏற்றிவிட்டாலும் தீராது. மூன்றைக் குறிக்கும் 'த்ரீ'யில் 'ஆர்' விட்டுப்போனால் 'உன்னை' என்னும் பழைய 'தீ' ஆகிவிடும். மென்பொருள் கோடே போடாது. பட்டியல் பெருகப் பெருக, பிழை ஒளிய இடமும் பெருகும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஃபோலியோவை அச்சுக்கோத்தவர்கள் பலர். யாரும் பெயர் எழுதிவைக்கவில்லை. 1920இல் தாமஸ் சாட்செல், மெக்பெத்தின் ஒரு பகுதியில் 'டூ', 'கோ' என்ற சொற்களின் கடைசியில் ஓர் 'இ' சேர்ந்தே வருவதையும், மறுபகுதியில் அது இல்லாததையும் கண்டார். இரண்டு கைகள்! 'இ' சேர்ப்பவரை ஏ என்றும் மற்றவரை பி என்றும் ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். எந்தப் பக்கம் யார் கோத்தது என்று தெரிந்தால்தான், அங்குள்ள ஐயமான சொல் ஷேக்ஸ்பியருடையதா, கோத்தவரின் கைப்பழக்கமா என்று பதிப்பாசிரியர் எடைபோட முடியும். மூல எழுத்தைக் காக்க வேண்டிய பதிப்பில், நெளிகோடு சொன்னதென்று யாராவது அந்த 'இ'யை நீக்கினால், ஏ கோத்த பக்கம் பி கோத்ததாக மாறிவிடும். அப்போது திரையில் ஒரு கோடும் இருக்காது.