டேப் மாட்டு, ஜி-யைத் தட்டு

மூன்று, முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு, முப்பத்தெட்டு, முப்பத்தாறு. ஒன்றாம் வகுப்பில் இப்படி ஒப்பித்தால் முட்டி போட வைப்பார்கள். ஐபிஎம்மின் ராச்சஸ்டர் கிளையிலோ இதுதான் வம்ச வரிசை. சிஸ்டம்/3 பிறந்தது 1969-ல், 32 வந்தது 1975-ல், 34 வந்தது 1977-ல். 38-ஐ 1978-ல் அறிவித்தார்கள். பிறகு ஐந்து வருஷம் யோசித்து, அடுத்ததற்கு 36 என்று பெயர் வைத்தார்கள். கணக்குப் போடும் இயந்திரம் செய்கிற ஆட்களுக்கு எண்ணத் தெரிய வேண்டும் என்று சட்டமா என்ன?

ராச்சஸ்டர் என்றால் மின்னசோட்டா மாநிலத்து ராச்சஸ்டர். ஊரின் ஒரு பக்கம் மேயோ கிளினிக்; இன்னொரு பக்கம், ஈரோ சாரினென் வரைந்து கொடுத்த நீலக் கட்டடத்தில் ஐபிஎம். நியூயார்க் தலைமையகம் மெயின்ஃப்ரேமை வங்கிகளுக்கும் அரசாங்கத்துக்கும் விற்றுக்கொண்டிருந்தபோது, ராச்சஸ்டர்காரர்களின் வாடிக்கை வேறு ரகம்: மொத்த மளிகை வியாபாரி, திருகாணி செய்கிறவர், உள்ளூர் ஆஸ்பத்திரி. மெயின்ஃப்ரேம் வாங்க வசதி இருக்காது. சின்னக் கம்பெனி என்று சொன்னால் கோபம் மட்டும் வரும். இவர்களிடம் விற்பனைப் பிரதிநிதி சொல்லும் மந்திரம் ஒன்றே ஒன்று: “இதற்கென்று தனியாக ஆள் வைக்கவே வேண்டாம் சார். சம்பளக் கணக்குப் பார்க்கிற அம்மாவே கவனித்துக்கொள்வார்.”

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி உலகமெங்கும் எத்தனை பேரின் சனிக்கிழமை ராத்திரி நாசமானது என்பதுதான் இந்த வரலாறு.

சிஸ்டம்/32 ஒரு மேசை அளவு. அதன் திரையில் வரிக்கு 40 எழுத்து வீதம் ஆறு வரிதான் தெரியும். இயந்திரம் என்ன கேட்டாலும் அந்தத் துக்கடாவுக்குள் கேட்டாக வேண்டும். பேக்கப் என்றால் எட்டு அங்குல டிஸ்கெட். பிற்பாடு இதற்கு ஒரு முன்னேற்றம் வந்தது: டிஸ்கெட் மேகஸின். பத்துப் பத்தாக அடுக்கிய இரண்டு பெட்டிகளை உள்ளே தள்ளினால், இயந்திரமே ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொள்ளும். ஒரு டிஸ்கெட்டில் சுமார் 1.2 எம்பி. ஆக இருபதும் சேர்ந்தால் 24 எம்பி. இன்றைய கைப்பேசியில் கல்யாண வீட்டுச் சாப்பாட்டு இலையை நாலு கோணத்தில் எடுத்தால் தீர்ந்துவிடுகிற அளவு. அன்றைக்கு அதற்குள் ஒரு கம்பெனியின் மானம் மரியாதை அத்தனையும் அடங்கியிருந்தது.

சிஸ்டம்/38 வேறு மாதிரி பிள்ளை. ஃபிராங்க் சால்டிஸ் என்ற ராச்சஸ்டர் பொறியாளரும் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். நினைவகம் வேறு, வட்டு வேறு என்ற பேதத்தையே நிரலர்களின் கண்ணிலிருந்து மறைத்தார்கள். எல்லாம் ஒரே பெரிய முகவரிப் பரப்பு. எந்தத் துண்டு எந்த வட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டாம். இயந்திரமே இருக்கிற வட்டுகள் அத்தனையிலும் பரப்பி வைத்துக்கொள்ளும். படித்தவர்கள் இன்றைக்கும் இந்த வடிவமைப்பைச் சிலாகிக்கிறார்கள். சிலாகிக்க வேண்டியதுதான். ஆனால் ராத்திரி ஷிஃப்டில் இருந்தவன் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டான்: வட்டுகளில் ஒன்று செத்தால், எல்லாக் கோப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் செத்துப்போகும். பிறகு டேப்பிலிருந்து மொத்த சிஸ்டத்தையும் மறுபடி ஏற்ற வேண்டியதுதான். இதைத் தடுக்கச் செக்சம், மிர்ரரிங், ரெய்டு என்று பிற்பாடு பரிகாரங்கள் வந்தன. அத்தனைக்கும் கூடுதலாக வட்டு வாங்க வேண்டும். முதலாளி பட்ஜெட்டைப் பார்ப்பார். பிறகு ஆபரேட்டரைப் பார்ப்பார். ஆபரேட்டரின் சம்பளம்தான் மலிவு.

எண்பதுகளின் தொடக்கத்தில் தலைமையகத்துக்கு ஒரு ஞானோதயம். ஒன்றோடொன்று பேசாத ஐந்து கணினி வகைகளை ஒன்றாக்கப் போகிறோம் என்று ‘ஃபோர்ட் நாக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒன்றுசேர வேண்டிய கணினிகளைவிட அவற்றைச் செய்தவர்கள்தான் அதிகம் மோதிக்கொண்டார்கள். 1985-ல் கடையை மூடினார்கள். உடனே ராச்சஸ்டரில் ஒரு சிறு கூட்டம், 36-ன் நிரல்களை 38-ன் உடம்பில் ஓட வைக்கலாமே என்று கிளம்பியது. உள்ளூர் ஏரியின் பெயரால் அந்தத் திட்டம் ‘சில்வர்லேக்’. 28 மாதத்தில் முடித்து, 1988 ஜூன் 21 அன்று ஏஎஸ்/400 என்று உலகத்துக்குக் காட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1990-ல், ராச்சஸ்டருக்கு மால்கம் பால்ட்ரிஜ் தர விருதும் கிடைத்தது. அந்த மேடையில் ஆபரேட்டர் யாரையும் ஏற்றியதாகத் தெரியவில்லை. அவர்கள் டேப் மாட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இனி அந்த ராத்திரிக்கு வருவோம்.

மாதக் கடைசி, முழு பேக்கப். சிஸ்டத்தை முழுசாகக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதில் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஆகவே ஆபரேட்டர் முதலில் எல்லாத் திரைகளுக்கும் ஒரு பிரேக் மெசேஜ் அனுப்புவார்: “பேக்கப் தொடங்குகிறது, தயவுசெய்து சைன் ஆஃப் செய்யவும்.” எவர் என்ன வேலையில் இருந்தாலும் அது திரையில் குதிக்கும்; தொடர எண்டரை அமுக்கு என்று கீழே எழுதியிருக்கும். ஆர்டர் பிரிவில் இருப்பவர் எண்டரை அமுக்கிவிட்டு அடுத்த ஆர்டரைத் தட்டுவார். இரண்டாவது மெசேஜில் ‘தயவுசெய்து’ இருக்காது. மூன்றாவதில் ஆச்சரியக்குறிகள் இருக்கும். அதற்குள் அவர் திரையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆர்டர் கோப்பு மட்டும் அவர் பிடியிலேயே இருக்கும்.

அடுத்த ஆயுதம், சப்சிஸ்டங்களை நிறுத்தும் எண்ட்எஸ்பிஎஸ் என்ற ஆணை. இதில்தான் ராச்சஸ்டரின் பண்பாடு தெரியும். வேறொன்றும் குறிப்பிடாமல் அடித்தால், ஓடுகிற வேலை ஒவ்வொன்றும் தானாக முடியும்வரை காத்திருக்கும். எவ்வளவு நேரம்? வரம்பே கிடையாது. சாப்பிட்டு முடித்த விருந்தாளி கொட்டாவி விட்டும் எழுந்திருக்காவிட்டால், நாமும் சேர்ந்து உட்கார்ந்து கொட்டாவி விடுகிற மரியாதை. மரியாதையில் நம்பிக்கை இழந்தவர்கள் ‘இம்மெட்’ என்று சேர்த்து அடிப்பார்கள். எல்லார் திரையும் இருண்டு போகும். சிஸ்டம் தடைபட்ட நிலைக்கு வந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் உயிரோடு இருக்கும் திரை ஒன்றே ஒன்று: டிஎஸ்பி01, கன்சோல்.

இந்த டெர்மினல்கள் டுவினாக்ஸ் கேபிளில் வரிசையாகக் கோத்தவை. ஒரு கம்பியில் ஏழு வரை தொங்கலாம். நடுவில் ஒருவர் ஜன்னலோரக் காற்றுக்காக மேசையை நகர்த்திக் கேபிளைக் கழற்றினால், அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரின் திரையும் அம்போ.

கன்சோலில் ‘கோ சேவ்’ என்று அடித்து, மெனுவில் 21-ஐத் தேர்ந்தெடுத்தால் மொத்த சிஸ்டமும் டேப்புக்குப் போகும். பத்தரை அங்குலச் சக்கரத்தில் 2400 அடி நாடா. இயந்திரம் எழுத ஆரம்பித்துவிட்டது என்று நம்பி, ஆபரேட்டர் கண்ணை மூடுவார். அப்போதுதான் க்யூசிஸ்ஆப்பர் என்ற செய்தி வரிசையில் மணி அடிக்கும்: அடுத்த டேப்பை மாட்டவும், சி அல்லது ஜி. ‘சி’ என்றால் ரத்து, ‘ஜி’ என்றால் நடத்து. ஆள் வேண்டாம் என்று விற்ற இயந்திரம், நடுராத்திரியில் ஓர் எழுத்துக்காக ஓர் ஆளை எதிர்பார்த்து அசையாமல் நிற்கும். விடியும்வரை கூட நிற்கும். காலை எட்டு மணிக்குக் கடை திறக்க வந்தவர்கள், அந்த ஒரே கேள்வியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த ஊர்கள் உண்டு.

தூக்கம் பொறுக்காத ஆபரேட்டர்கள் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பதில் பட்டியல் சிஸ்டத்தில் உண்டு. அதில் எல்லாவற்றுக்கும் ‘நடத்து’ என்கிற பதிலாகப் போட்டார்கள். ‘இந்த டேப்பில் இன்னும் காலாவதியாகாத கோப்பு இருக்கிறதே’ என்று இயந்திரம் தயங்கியபோதும், பட்டியல் தயங்காமல் ‘நடத்து’ என்றது. போன வெள்ளிக்கிழமை டேப்பின் மேல் இந்த வெள்ளிக்கிழமை ஏறி உட்கார்ந்தது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

காலையில் வந்து செய்தி வரிசையைப் படிப்பது என்பது ஒரு கலை. நூற்றுக்கணக்கில் கிடக்கும். இன்ன பிரிண்டரில் காகிதம் மாட்டு, இன்ன டெர்மினலில் கடவுச்சொல் தவறு, இப்படி. நடுவே ஒன்று: “கடுமையான சேமிப்பிட நிலைமை இருக்கலாம். ஹெல்ப்பை அமுக்கவும்.” இருக்கலாமாம்! வட்டு நிறைந்து வழியப்போகிற நேரத்திலும் இயந்திரத்துக்கு வார்த்தையில் எவ்வளவு நிதானம். அதைவிட ஆபத்தானது பேக்கப் முடிந்ததும் வருகிற செய்தி. லைப்ரரியில் இத்தனை ஆயிரம் காப்பாற்றப்பட்டன, ஒன்று காப்பாற்றப்படவில்லை என்று ஒரே வரியில் சொல்லும். முதல் பாதியைப் படித்ததும் மனசு குளிர்ந்து, இரண்டாம் பாதிக்குப் பார்வை போகாது. தினசரி பேக்கப்பில் தவறாமல் விட்டுப்போகிற அந்த ஒன்று எது என்று நான் சொல்ல வேண்டுமா? ஆர்டர் பிரிவுக்காரர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன கோப்புதான்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பக்கப் பலகையில் சாவிப் பூட்டு. செக்யூர், ஆட்டோ, நார்மல், மேனுவல் என்று நான்கு நிலை. அவ்வளவு எச்சரிக்கை. ஆனால் க்யூசெக்ஆஃபர் என்ற சர்வ அதிகாரிக்குத் தொழிற்சாலை வைத்து அனுப்பிய கடவுச்சொல்லும் க்யூசெக்ஆஃபர். பழுதுபார்க்கும் கருவிகளுக்குள் நுழைய வரிசையாக எட்டு ஒன்றுகள், அதைவிடப் பெரிய அதிகாரம் வேண்டுமென்றால் எட்டு இரண்டுகள். மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கையேடு கெஞ்சியது. கையேட்டை யார் திறந்தார்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில் டுவினாக்ஸ் கன்சோல் பழைய பாணியாகி, ஆபரேஷன்ஸ் கன்சோல் வந்தது. அதாவது, வருஷக்கணக்கில் விழாமல் ஓடுவதாகப் பெயரெடுத்த இயந்திரத்தின் தலைமைத் திரை இனி ஒரு விண்டோஸ் பிசி. தடைபட்ட நிலையில் பேக்கப் பாதி ஓடும்போது பிசி உறைந்துபோனால், இருந்த ஒரே வாயும் அடைத்துப்போகும். இந்த யோசனையைச் சொன்ன புண்ணியவான் ராத்திரி ஷிஃப்டே பார்த்திருக்க மாட்டார் என்பது என் கட்சி.

நம் ஊர் இந்தக் கதைக்குள் நுழைந்ததும் அப்போதுதான். ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டுப் போய், 1992-ல் டாட்டாவோடு கைகோத்துத் திரும்பியது. 36, 38-ன் பெரும்பகுதி கூத்தை நாம் பார்க்கவே இல்லை. ஒய்2கே அலையில் சென்னைப் பிள்ளைகள் இந்த இயந்திரங்களின் நிரல்மொழியான ஆர்பிஜி படித்துக் கிளம்பினார்கள். பின்னாலேயே ஆபரேட்டர் வேலையும் கடல் கடந்து வந்தது. மினியாபொலிஸில் நள்ளிரவு என்றால் சென்னையில் காலை பத்தரையோ பதினொன்றரையோ. அங்கே பேய் உலவும் ஷிஃப்ட், இங்கே டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கழிந்தது. டேப் மாட்ட மட்டும் அங்கே ஒரு கை வேண்டும்.

அந்தக் கை எப்போது அதிகம் தேவைப்பட்டது என்றால், பிடபிள்யூஆர்டிடபிள்யூஎன்சிஸ் என்ற ஆணைக்குப் பிறகு. சிஸ்டத்தை அணைக்கும் ஆணை அது. ‘ரீஸ்டார்ட் எஸ்’ என்று சேர்த்து அடித்தால் அணைந்து மறுபடி எழும். சேர்க்க மறந்தால் அணைந்தது அணைந்ததுதான். பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து மறந்தவர்களின் கதை இந்தத் தொழிலில் கணக்கில்லாமல் உலவுகிறது. எனக்குப் பிடித்த வடிவத்தில், ஞாயிறு அதிகாலை, அங்கே பனி கொட்டுகிறது. கட்டடத்தில் இருப்பவர் காவலாளி மட்டும்.

“சார், கம்ப்யூட்டர் அறைக்குள் போய்விட்டீர்களா? கறுப்புப் பெட்டியில் வெள்ளைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை ஒரு தடவை அமுக்குங்கள்.”

“அமுக்கிவிட்டேன் தம்பி.”

“விளக்கு எரிகிறதா சார்?”

“எரிந்தது. வெளியே வரும்போது கதவுப் பக்கத்தில் பெரிதாகச் சிவப்பாக ஒன்று இருந்தது. கதவைத் திறக்கிறது என்று நினைத்து அதையும் அமுக்கினேன். இப்போது எந்த விளக்கும் எரியவில்லை.”