ஆறு பார்க்கும் அறைக்கு ஒரு விண்ணப்பம்

முகாமையாளர் அவர்கள்,
ஆற்றைப் பார்த்த அறைகளையுடைய ஹோட்டல்,
மட்டக்களப்பு நகரம்.

ஐயா,

விடயம்: கடைசிப் பந்தியில் காண்க.

நான் தொலைபேசியில் கேட்ட ஒரு சின்ன உதவிக்கு உங்கள் வரவேற்பு மேசைப் பிள்ளை, "சேர், அத எழுத்தில தாங்க" என்று சொல்லிவிட்டார். அரச கந்தோரில் 31 வருடம் எழுதுவினைஞனாகக் குந்தியிருந்து இளைப்பாறியவனிடம் சொல்லக்கூடாத வசனம் அது. வெயிலுக்குள் சைக்கிள் மிதித்து வந்த சனத்திடம் அதே வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் நான் ஓய்வூதியத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆகவே எழுதுகிறேன். கோவைக்குள் போகும் கடிதத்துக்கு என்ன நடக்கும் என்பதும் தெரிந்தவன் என்பதால் ஊருக்கெல்லாம் தெரிய எழுதுகிறேன். ஹோட்டலின் பெயரை மட்டும் விட்டிருக்கிறேன். சாப்பிட்ட வீட்டின் பெயரைச் சந்தியில் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கமில்லை.

நாங்கள் படுவான்கரை ஆட்கள், கொக்கட்டிச்சோலைக்கும் அங்கால். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் கரை எழுவான்கரை, மேற்கே அது படும் கரை படுவான்கரை. வாவி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல். எங்கள் வாயில் அது ஆறுதான். மருமகனுக்குச் சம்பளம் கூடிய புழுகத்தில், "ரெண்டு நாள் டவுன்ல ஹோட்டல்ல நிண்டு நல்லாச் சாப்பிட்டுட்டு வருவம் மாமா" என்றார். டவுன் எங்களுக்கு ஒரு மணித்தியாலமும் இல்லை. முந்தியென்றால் மண்முனையில் பாதைக்குக் காத்துக் கிடக்கவேண்டும். (வெளியூர் வாசகருக்கு: இங்கே பாதை என்றால் றோட்டு அல்ல. ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆறு கடக்கும் தட்டையான மிதவை.) 2014 இல் ஜப்பான்காரரின் உதவியில் பாலம் வந்தது. இப்போது ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் அக்கரை.

என் அம்மாவுக்கு 83 வயது. அவர் பை கட்டியதைத் தாங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு சேலை, ஒரு துவாய், ஒரு பைக்கற் விசுக்கோத்து, இரண்டு மெழுகுதிரி. அதற்கும் அடியில், பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்து, வீட்டில் உள்ள எல்லாருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரமும் வளவின் உறுதியும்.

"ரெண்டு நாளைக்குத்தானே மாமி" என்றாள் என் மனைவி.

"அப்பவும் ரெண்டு நாள் எண்டுதான் மகள் சொன்னவங்க."

அப்ப என்றால் 2007 மார்ச். ஷெல்லடிக்குள் படுவான்கரைச் சனம் அள்ளுப்பட்டு ஆறு தாண்டிய மாதம்.

உங்கள் வரவேற்பு மேசையில் மாதுளம்பழச் சாறு தந்தீர்கள். குளிர்ந்த துவாய் தந்தீர்கள். பிறகு ஒரு படிவம் தந்து அடையாள அட்டைகளைப் பிரதி எடுத்தீர்கள். அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த அம்மாவுக்கு அந்த இடத்தில்தான் முகம் தெளிந்தது. பழகிய வேலை ஒன்று நடக்கிறது அல்லவா? "பதிவு எடுக்கிறாங்க. குடும்பமா நில்லுங்க, பிரிஞ்சு நிக்காதீங்க" என்று எங்களை ஒழுங்குபடுத்தினார். காலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு கூப்பன் நீட்டினீர்கள். அதை அவர் வாங்கிய வேகத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம். "முதல் தரமா டவுன்ல தங்குறீங்க பெத்தா?" என்று அந்தப் பிள்ளை அன்பாகத்தான் கேட்டது. "இல்ல புள்ள, முந்தியும் ஒருக்கா மூணு மாசம் நிண்டம். அப்ப வாடகை இல்ல" என்றார் அம்மா.

இனி அறைக்கு வருவோம். ஆறு தெரியும் அறைக்கு ஒரு விலை, வாகனத் தரிப்பிடம் தெரியும் அறைக்கு ஒரு விலை. நியாயம். மருமகன் ஆற்றுக்கே கட்டினார். மாலை ஆறு மணிக்கு ஜன்னல் முழுக்கச் செம்மஞ்சள். பேரன் 40 படம் எடுத்தான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கட பக்கம்தானே" என்று திரும்பிவிட்டார். யோசித்துப் பார்த்தேன். சூரியன் அவ்வளவு தூரம் வந்து படுப்பது எங்கள் வயல்வெளிக்குப் பின்னால். கரைக்குப் பெயரே அதனால் வந்தது. படுக்கையும் பாயும் எங்களுடையதாக இருக்க, பார்ப்பதற்கான கட்டணத்தைத் தாங்கள் அறவிடுகிறீர்கள். இதில் படுவான்கரைக்கு ஏதாவது பங்கு உண்டா என்று அறியத்தரவும். இல்லையென்றால் ஒரு நாளைக்குச் சூரியனைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லலாமா என்று எங்கள் கமக்காரர் அமைப்பில் கதைத்துப் பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். உங்கள் இறால் உறைப்புக் கறியை எழுதும்போதே வாயூறுகிறது. ஆனால் முதல் நாள் இராச்சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாரும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றதைக் கண்ட அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "லைன்ல நிண்டு சோறு வாங்கவா மருமகன் இவ்வளவு காசு கட்டினவர்?" என்று என் காதுக்குள் கேட்டார். பஃபே என்பது பணக்காரரின் ஏற்பாடு என்று நான் விளக்கினேன். அப்போது அகதி முகாமில் ஒரு அகப்பைதான், இங்கே எத்தனை அகப்பையும் போடலாம் என்றேன். அவர் ஒரு கரண்டி சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்து குந்திவிட்டார். முப்பது வகைக் கறிக்கு நடுவில் அவருடைய கை தானாகப் பருப்புக்குத்தான் போனது.

நண்டு கேட்டேன். "லகூன் கிராப்" என்று அட்டையில் படத்தோடு போட்டிருந்தது. "பெரிய நண்டு வரல்ல சேர், எல்லாம் கொழும்புக்குப் போயிட்டு" என்றார் பரிமாறிய தம்பி. கொழும்பிலும் அது நிற்பதில்லை. இலங்கைக் களப்பு நண்டுக்குச் சிங்கப்பூர்ச் சட்டிகளில் பெரிய பெயர். காலைக் கட்டி, உயிரோடு விமானத்தில் போகிறது. எங்கள் ஊரில் கடவுச்சீட்டு எடுக்காமலே வெளிநாடு போனது அது ஒன்றுதான். படத்தை அட்டையில் விட்டு வைத்திருப்பது சரி. வெளிநாடு போன பிள்ளையின் படத்தை வீட்டிலும் சுவரில் மாட்டித்தானே வைக்கிறோம்.

தயிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எருமைத் தயிர் எங்கள் வீட்டில் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. உங்கள் மேசையில் அது முட்டையளவு கண்ணாடிக் குவளைக்குள் வந்தது. மேலே ஒரு கோடு கித்துள் பாணி, அதற்கும் மேலே பெயர் தெரியாத ஒரு இலை. பேரன் மூன்று குவளை எடுத்தான். பக்கத்து அட்டையில் "எங்கள் பசும்புல் வெளிகளிலிருந்து" என்று எழுதியிருந்தது. அந்தப் புல்வெளி எது என்று அறிய ஆவல். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் மாட்டை விட வழியில்லாமல் எங்கள் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் றோட்டோரம் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். மாதக்கணக்கில் குந்தினார்கள். தங்களிடம் இன்னொரு பசும்புல் வெளி இருந்தால் விலாசத்தைத் தாருங்கள், மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வருகிறோம்.

இரண்டாம் நாள் இரவு "பாடும் மீன் அனுபவம்". ஆளுக்குத் தனிக் கட்டணம். தோணிக்காரர் கல்லடிப் பாலத்தடியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைக்கச் சொன்னார். அது பழைய முறைதான். 1848 இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் துரையும் இந்த ஆற்றில் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தாற்போல ஒரு ஓசை என்றார். மீன்பிடிக்காரர் அவரிடம் அது மீனல்ல, ஊரி என்று ஓட்டைக் கையில் எடுத்தே காட்டினார்கள். துரை அதையும் 1859 இல் வந்த தம் புத்தகத்தில் எழுதி வைத்தார். ஆனால் ஊரி பாடும் நாடு என்றால் யார் ஹோட்டல் கட்ட வருவார்? மீனாகவே இருக்கட்டும். பேரன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மப்பா, மீன் பைலா பாடுது" என்றான். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். உங்கள் கரையோர மண்டபத்தில் ஒரு கல்யாணம்.

இனி வருவது முறைப்பாடு அல்ல, நன்றி. அதே நாள் மத்தியானம் அம்மா சாப்பாட்டு மண்டபத்துக்கு வர மறுத்து அறையில் விசுக்கோத்து தின்றுகொண்டிருந்தார். அறைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த தம்பி, "ஏன் பெத்தா, சாப்பிடல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், கொஞ்ச நேரத்தில் ஒரு மூடிய தட்டோடு வந்தார். உள்ளே சிவப்பரிசிச் சோறு, திரளி போட்ட புளியாணம், கருவாட்டுப் பொரியல் ஒரு துண்டு. "உள்ளுக்கு எங்களுக்குச் சமைச்சது பெத்தா." அவரும் எங்கள் கரைப் பிள்ளைதானாம். அம்மா கையைக் கழுவிவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டிக் குந்தினார். சோற்றில் குழி வைத்துப் புளியாணத்தை ஊற்றி, விரலிடுக்கால் ஒழுக ஒழுகப் பிசைந்து, முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்பில் அடுக்கி, கடைசியில் தட்டைத் தூக்கிக் குடித்தார். உங்கள் அறையின் விலைக்குரிய காட்சி அதுதான். அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டு விசாரணை வைக்கவேண்டாம், நான் சொல்லமாட்டேன். அந்தப் புளியாணத்தைத் தங்கள் மெனுவில் சேர்த்துவிடவும் வேண்டாம். அடுத்த முறை அது முட்டையளவு குவளையில், இலை வைத்து வரும்.

பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம், வற் வரி 18 வீதம், சமூகப் பாதுகாப்பு அறவீடு 2.5 வீதம், சுற்றுலா அபிவிருத்தி அறவீடு 1 வீதம். இரண்டு நாளும் அரசாங்கம் எங்களோடு ஒரே மேசையில் குந்திச் சாப்பிட்டிருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. மருமகன் அட்டையை நீட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

நிற்க, விடயம். அறை அலுமாரிக்குள் இலக்கம் அழுத்திப் பூட்டும் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று உண்டல்லவா? அது எதற்கு என்று அம்மா கேட்டார். பெறுமதியான சாமான் வைக்க என்றான் பேரன். அவர் உடனே பொலித்தீன் உறையை எடுத்து அதற்குள் வைத்துவிட்டார். ஊரில் பெட்டி இல்லாமல் இத்தனை வருடம் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தவர். "பெத்தா, உங்களுக்கு மறக்காத ஒரு வருசம் சொல்லுங்க" என்று கேட்டுப் பேரன்தான் நான்கு இலக்கத்தை அழுத்தினான். வரும்போது அவசரத்தில் உறையை விட்டுவிட்டு வந்துவிட்டோம். பேரனுக்கு இலக்கம் ஞாபகமில்லை. எதைச் சொன்னேன் என்பது அம்மாவுக்கும் அயத்துப் போச்சாம். நேற்றும் நித்திரை கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து உறையை மண்முனைப் பாலத்தடிக்காவது அனுப்பிவைக்குமாறு தயவுடன் வேண்டுகிறேன். அம்மா சொல்லியிருக்கக்கூடிய வருடங்களைக் கீழே தருகிறேன்: சூறாவளி அடித்த 1978, 1990, சுனாமி வந்த 2004, 2007. மூன்று தரம் பிழையாக அழுத்தினால் பெட்டி இறுகிவிடும் என்று உங்கள் ஆள் தொலைபேசியில் சொன்னார். எங்களிடம் நான்கு இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
இளைப்பாறிய எழுதுவினைஞன், படுவான்கரை.