கொள்ளேகாலத்துக்கு ஷெல் மாற்றிய கதை

மாதேஸ்வரன் சாமி கொள்ளேகாலம் பக்கத்து மலைக்குப் புலி மேல் ஏறி வந்தார். பர்மிட் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. புலியிடம் யார் கேட்பது? எந்த ஜில்லா, எந்த தாலுகா என்ற கவலையெல்லாம் பின்னால் வந்த மனிதர்களுடையது.

1799-ல் திப்பு விழுந்தார். கும்பினிக்காரர்கள் பங்கு பிரித்ததில் கொள்ளேகாலம் கோயம்புத்தூர் ஜில்லாவில் போய்ச் சேர்ந்தது, மலையும் சாமியும் சேர்த்துத்தான். பிறகு 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலம் வந்தது. தாலுகா மைசூருக்குப் போனது. கோயில் நகரவில்லை, புலி இறங்கவில்லை. மனு வாங்கும் குமாஸ்தா மட்டும் மாறினார்.

யூனிக்ஸ்காரர்கள் இதைத்தான் லாகின் ஷெல் மாற்றுவது என்பார்கள். உள்ளே இயந்திரத்தை ஆளும் கெர்னல் துரை இருக்கிறார். நேரில் பேச மாட்டார். வாசலில் உட்கார்ந்து நாம் சொல்வதை வாங்கி உள்ளே அனுப்பும் குமாஸ்தாதான் ஷெல். எந்த குமாஸ்தா என்பது ‘பாஸ்வேர்டு’ கோப்பில் எழுதியிருக்கும். மைசூர்பாகில் மைசூர் இல்லாததுபோல, இப்போதெல்லாம் அந்தக் கோப்பில் பாஸ்வேர்டு இருப்பதில்லை.

ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டம். நம் மலைக்கு எழுதிப் பார்ப்போம். பெயர்: மாதேஸ்வரன். பாஸ்வேர்டு: ஒரு ‘எக்ஸ்’, மிச்சம் பூசாரிக்குத் தெரியும். பயனர் எண்: அன்றும் இன்றும் ஒன்றே. குழு: கோயம்புத்தூர், அடித்துவிட்டு மைசூர், 1997-ல் அதையும் அடித்துவிட்டு சாமராஜநகர். குறிப்பு: புலி வாகனம். வீடு: எழுபத்தேழு மலை. ஏழாவது கட்டம்தான் ஷெல். நடுவில் கொஞ்ச காலம் வீரப்பன் அதில் ‘நோலாகின்’ என்று எழுதி வைத்திருந்தார். வருகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பும் ஷெல் அது. 2004-ல்தான் அழிந்தது.

கம்ப்யூட்டர் உலகிலும் குமாஸ்தாக்கள் நிலைத்ததில்லை. 1971-ல் கென் தாம்சன் ஒருவரை உட்காரவைத்தார். 1979-ல் ஸ்டீவ் போர்ன் வந்தார். அவருக்கு அல்கால் மொழி மேல் தீராத காதல். ‘இஃப்’பில் தொடங்கியதைத் திருப்பிப் போட்டு ‘ஃபி’ என்று முடித்தார். ‘டூ’வையும் ‘ஓடி’ என்று முடித்திருப்பார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்ததால் உலகம் பிழைத்தது. 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் ‘பேஷ்’ எழுதினார். ‘மறுபடி பிறந்த போர்ன்’ என்று அதற்குப் பொழிப்புரை. 2019-ல் ஆப்பிள் புதுக் கணக்குகளுக்கு ‘இஸட்ஷெல்’ கொடுத்தது. பழைய ஆட்களை விரட்டவில்லை; டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம், மாறிவிடுங்களேன் என்று நச்சரித்தது.

நாமே மாற்ற ‘சிஎச்எஸ்எச்’ என்ற கட்டளை உண்டு. ஆனால் ‘ஷெல்ஸ்’ என்ற பட்டியலில் பெயர் உள்ள குமாஸ்தாவைத்தான் கேட்கலாம். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆசாமிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. யாருக்கும் எதையும் எழுதுவார். 1956-ல் ரூட் டெல்லியில் இருந்தார். மாநில எல்லைகளைப் பிரிக்க அமைத்த பசல் அலி கமிஷன் ஊர் ஊராக மனு வாங்கியது உண்மை. எண்டர் தட்டியது டெல்லி.

இன்னொன்று: மாற்றம் அடுத்த லாகினில்தான் தெரியும், ஓடிக்கொண்டிருக்கும் செஷன் பழைய ஷெல்லிலேயே ஓடும். மேட்டூர்ப் பக்கத்துப் பக்தர்கள் அந்தப் பழைய செஷனை இன்னும் மூடவில்லை. பாலாற்றைத் தாண்டி, மலையேறி, லட்டோடு திரும்புகிறார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஷெல் மாற்றும்போது பழைய ஜன்னல் ஒன்றைத் திறந்தே வையுங்கள். கோப்பில் எழுதும் ஷெல்லின் பாதையில் ஓர் எழுத்து பிசகினால், உங்கள் வீட்டுக்குள்ளேயே நீங்கள் போக முடியாது. புலி மேல் ஏறி வந்தாலும்.